துணிவுக்கும் பாடம் உண்டு



சுற்றுலாவியல் இன்று பல பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாக விளங்குகிறது. சாகசச் சுற்றுலா அதில் ஒரு தொடக்கப் பாடமாகச் சேர்ந்து வருகிறது. மலையேறுதல், காட்டுவழி நடத்தல், ஆற்றில் மிதவை செலுத்துதல், கடலலைமேல் சறுக்குதல் ஆகியன அதன் பகுதிகள். திருவல்லிக்கேணியில் என்னைக் காண வரும் மாணவர் சிலர், "ஐயா, துணிவு பிறவியில் வருவதன்றோ? அதை வகுப்பில் உட்கார்ந்து கற்க இயலுமா?" என்று வினவுவதுண்டு. நல்ல வினாதான். அதற்கு வரலாறே விடை கூறட்டும்.

எவரெஸ்ட் சிகரத்தின் கதை நம் சென்னையில் தொடங்குகிறது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கத் தொடங்கினார். அது ஏறத்தாழ ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த நில அளவை, அரை நூற்றாண்டில் இமயத்தை எட்டியது. இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞரின் கணக்கினால், உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்பது தெளிவாயிற்று. 1856-இல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் அறிவித்த உயரமோ 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. வேறுபாடு 30 அடியே! மனிதன் கால் வைப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அளவறிவு அங்கே சென்றுவிட்டது.

பின்னர் அச்சிகரத்தில் முதன்முதலில் ஏறிய இருவரில் ஒருவர் டென்சிங் நார்கே. 1952-ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவிட்சர்லாந்து நாட்டு ரேமண்ட் லாம்பர்ட்டுடன் அவர் சுமார் 8,600 மீட்டர் உயரம் வரை சென்றார். உச்சிக்கு இன்னும் 250 மீட்டரே எஞ்சியிருந்தது. ஆயினும் மேலே சென்றால் உயிருடன் இறங்க இயலாது என்று உணர்ந்து இருவரும் திரும்பினர். மறு ஆண்டு, 1953 மே 29-இல், எட்மண்ட் ஹில்லரியுடன் டென்சிங் உச்சியை அடைந்தார். அது எவரெஸ்டை நோக்கி அவர் மேற்கொண்ட ஏழாவது பயணம். அன்று திரும்பியவர்தாம் அடுத்த ஆண்டு வென்றார்.

அதற்குப் பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு மிக முக்கியமானது. மலையேற்றத்தைக் கற்பிக்கும் நிலையம் ஒன்றை இந்தியாவில் நிறுவ முடிவாயிற்று. உலகப் புகழ் பெற்ற டென்சிங், 1954-இல் ஷெர்ப்பாத் தோழர்கள் அறுவருடன் சுவிட்சர்லாந்து சென்று, மலையேற்றத்தைக் கற்பிக்கும் முறையைப் பயின்றார். எவரெஸ்டை வென்றவர் மீண்டும் மாணவரானார்! நானும் ஆசிரியப் பயிற்சி பெற்றே வகுப்பறைக்குள் சென்றவன். கணக்கு நன்கு வருகிறவரெல்லாம் கணக்கு ஆசிரியராகிவிட முடியாது என்பதை அப்பயிற்சியில் உணர்ந்தேன். ஆகவே டென்சிங்கின் வாழ்வில் இந்நிகழ்ச்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் பிறந்தது. மேஜர் நரேந்திர தர் ஜயால் அதன் முதல் முதல்வர். டென்சிங் களப்பயிற்சி இயக்குநர். 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியது. அங்கே பயின்ற பச்சேந்திரி பால், 1984-இல் எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண்மணியானார். கயிற்றில் முடிச்சிடுதல், பனிக்கோடரியைக் கையாளுதல், வானிலை அறிதல், முதலுதவி செய்தல் ஆகிய யாவும் இத்தகைய நிலையங்களில் படிப்படியாகக் கற்பிக்கப்படுகின்றன.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் துயரத்துடன் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களில் பலர் இளைஞர். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவாகப் பற்றும், தீ சரிவில் மேல்நோக்கி எவ்வாறு பாயும், தப்பும் வழி எது என்பவை மலைக்குப் போகுமுன் அறிய வேண்டியவை. அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலைநடைப் பயணத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 நடைவழிகளைக் கொண்ட திட்டம் ஒன்றும் தொடங்கிற்று. பழங்குடியினரும் உள்ளூர் இளைஞரும் பயிற்சி பெற்று அதில் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். காட்டை அறிந்தவரே காட்டில் ஆசிரியர் என்பது பொருத்தமன்றோ!

தனி ஒருவன் மலையேறும்போது தன் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறான். சாகசச் சுற்றுலாவை நடத்துபவனோ, தன்னை நம்பி வந்த அனைவரின் உயிருக்கும் பொறுப்பேற்கிறான். அதனால்தான் இது பல்கலைக்கழகத்தில் கற்க வேண்டிய பாடமாகிறது. "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் சொன்னது கோழைக்குக் கூறிய அறிவுரை அன்று. ஆற்றைக் கடக்க விரும்புகிறவனுக்குக் கூறியதே.

ஆகவே, இளைஞர்களே, மலைக்குச் செல்லுங்கள், கடலுக்கும் செல்லுங்கள். செல்லுமுன் அளந்தறியுங்கள், அறிந்தவரிடம் கேளுங்கள், முறையாகப் பயிலுங்கள். திரும்ப வேண்டிய இடம் வந்தால் தயங்காமல் திரும்புங்கள். சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.