புத்தளத்தில் வழி கேட்ட பிரயாணி

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கி, மோட்டார் வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தாமே அதனைச் செலுத்திச் செல்லத் துணியும் வெளிநாட்டார் ஒருவர் வடக்கு நோக்கித் திரும்புவாராயின், நீர்கொழும்பு, வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து புத்தளத்தை அடைவார். வழி நெடுகத் தென்னந்தோப்புக்கள். சந்திக்குச் சந்தி மும்மொழிப் பலகைகள். தமிழில் சிலாபம் என்று நிற்கும் ஊர் சிங்களத்தில் ஹலாவத்த என்றும் ஆங்கிலத்தில் சிலாவ் என்றும் நிற்பதைக் காணும் புதியவர், இம்மூன்றும் ஒரே ஊர்தானா என்று ஒரு கணம் மயங்கவும் கூடும். ஆயினும் அவர் அஞ்சுவதற்கு அதிகமில்லை. அவர் பையிலே சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கின்றது. கையிலே வழிகாட்டும் படம் இருக்கின்றது. இடப்பக்கமாகச் செல்க என்னும் விதி அவருக்கும் எதிரே வருபவருக்கும் பொதுவாயிருக்கின்றது. அவரை இன்னார் என்று அறிந்தவர் அவ்வீதியில் ஒருவரும் இல்லாவிடினும் அவர் ஊர் போய்ச் சேரலாம்.

ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னர் இதே கரையில் வந்திறங்கிய ஒரு பரதேசிக்கு இவற்றுள் எதுவும் கிடைத்திலது. அவர் பெயர் இப்னு பதூதா. மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலே 1304இல் பிறந்தவர். 1325இல், தமது இருபத்தோராம் வயதில், மக்கமா நகருக்கு யாத்திரை செய்யப் புறப்பட்டவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளை ஊர் சுற்றுவதிலேயே கழித்தார். டில்லியிலே முகம்மது பின் துக்ளக்கின் அரசில் நீதிபதியாக இருந்தார். பின்னர் மாலைதீவிலும் அதே பதவி வகித்தார். அங்குள்ள மந்திரியோடு மனக்கசப்பு உண்டாகவே, 1344ஆம் ஆண்டில் கப்பலேறிச் சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று வேறு விதமாக நினைத்தது. ஒன்பது நாள் அலைந்தபின், கப்பலிலிருந்தோர் கண்ணுக்குப் புகைத்தூண் போன்று ஒரு மலை தென்பட்டது. அது சரந்தீபத்தின் மலை.

கரை தெரிந்ததும் மகிழ்ச்சி வரவேண்டும். மாலுமிகளுக்கோ அச்சமே வந்தது. வணிகர் அச்சமின்றிச் சென்றுவரும் அரசனுடைய துறைமுகமன்று இது, ஆரியச் சக்கரவர்த்தியின் துறைமுகம், அவனோ கொடியவன், அவனுடைய கப்பல்கள் கடற்கொள்ளை செய்வன என்று அவர்கள் கூறினர். காற்றோ மூர்க்கமாய் வீசிற்று. கரைக்குப் போனால் அரசன், போகாவிட்டால் கடல். இந்நிலையிலே இப்னு பதூதா மாலுமித் தலைவனிடம், தம்மை மட்டும் கரையில் இறக்கிவிடுமாறும், கப்பலுக்கு அபயம் பெற்றுத் தருவது தம் பொறுப்பென்றும் சொன்னார்.

கரையிலே ஆட்கள் வந்து நீர் யார் என்று வினவினர். அந்நிய நாட்டில் காலடி வைப்பவனிடம் முதலிற் கேட்கப்படும் கேள்வி அன்றும் இன்றும் இதுவே. இன்று அதற்கு விடை ஒரு கடவுச்சீட்டு. அன்று அவர் கூறிய விடை ஓர் உறவுமுறை: மதுரையை ஆண்ட சுல்தானுக்குத் தாம் மைத்துனர் முறையினர், அவரைக் காணவே செல்வதாகவும், கப்பலிலுள்ளவை அவருக்குரிய காணிக்கைகள் என்றும் சொன்னார். காணிக்கைகளைப் பற்றிய பேச்சு எவ்வளவு உண்மையோ, உறவு உண்மையே. டில்லியில் அவர் மணந்த பெண்ணும் மதுரைச் சுல்தான் கியாதுத்தீனின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். கடலுக்கு அப்பாலுள்ள ஓர் அரசனின் பெயரைச் சொல்லி இந்தக் கரையிலே வழி பெறலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அப்படிச் சொல்லத் தெரியாமல் வந்தவர் கதியும் இத்தீவின் சரித்திரத்தில் உண்டு. 1660இல், பாய்மரம் பழுதடைந்த கப்பலோடு கிழக்கே கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டியரசன் ஆட்களிடம் அகப்பட்டு, ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் திரும்ப வழியின்றிக் கிடந்தார். சில்லறைச் சரக்கு விற்கும் வியாபாரியாக ஊரூராய்த் திரிந்து, வடக்கே போகும் பாதையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டே 1679இல் தப்பினார். அவர் வெளிப்பட்ட இடம் புத்தளத்துக்கு வடக்கே, மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டை. ஒரு பாதையைத் தெரிந்துகொள்ள அம்மனிதர் செலவிட்ட காலத்தை எண்ணிப் பார்த்தால், இப்னு பதூதாவின் சாதுரியம் நன்கு விளங்கும்.

அழைப்பு வந்தது. அவர் சென்ற நகரத்தைப் பத்தாலா என்று எழுதுகின்றார். அரபு மொழியில் பகர வல்லோசை இல்லை. ஆதலால் புத்தளம் அவர் நாவிலே அவ்வாறாயிற்று. புதிய உப்பளம் என்னும் பொருளில் ஊருக்குப் பெயர் வந்ததென்பர். இன்றும் அங்கே உப்பு விளைகின்றது. அவர் கண்ட புத்தளம் சிறியதோர் அழகிய நகரம். மரத்தாலான மதிலும் மரத்தாலான கோபுரங்களும் அதனைச் சூழ்ந்திருந்தன. கரையெங்கும் கறுவா மரங்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கியவை, குவிந்து கிடந்தனவாம். சோழமண்டலத்தாரும் மலையாளத்தாரும் விலை கொடாமலே அவற்றை அள்ளிச் சென்றனர். அதற்கு ஈடாக மன்னருக்குத் துணியும் பிற பொருள்களும் அன்பளிப்பாகத் தந்தனர். விலையில்லை என்பதும் அன்பளிப்பு என்பதும் வியாபாரத்துக்கு இட்ட வேறு பெயர்கள்தாம்.

அடுத்த கேள்வி மொழி. யாழ்ப்பாணத்து அரசராகிய ஆரியச் சக்கரவர்த்தி தமிழ் மன்னர். வந்தவர் அரபு பேசுபவர். இடையே துவிபாஷி வேண்டியிருக்குமென்று எண்ணத் தோன்றும். ஆனால் மன்னர் பாரசீகம் அறிந்திருந்தார் என்று யாத்திரிகர் வியப்போடு குறிக்கின்றார். பாரசீகக் குடாவிலிருந்து சீனம் வரை அக்காலத்துக் கடல் வணிகர் பலர்க்கும் அது பொதுமொழி. முத்து விற்கும் அரசருக்கு வாங்குவோர் மொழி தெரிந்திருத்தல் இலாபமேயன்றி வேறில்லை. மொழி பொருந்தாவிடின் நேர்வது யாது என்பதற்கும் சான்று உண்டு. 1283இல் இலங்கை வேந்தன் முதலாம் புவனேகபாகு எகிப்து நாட்டுச் சுல்தான் கலாவூனுக்குத் தூதனுப்பினான். தூதர் கொண்டுசென்ற ஓலையைக் கெய்ரோ நகரில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடைத்திலர். செய்தியைத் தூதுவர் வாய்மொழியாகவே சொல்லவேண்டியதாயிற்று.

புத்தளத்தில் அத்தகைய இடர் நேரவில்லை. நாடுகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் யாத்திரிகர் கூறிய கதைகளை மன்னர் விரும்பிக் கேட்டார். ஒருநாள் முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்களை அலுவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். நீர் வந்த நாடுகளிலே முத்துக்குளிப்புக் கண்டதுண்டா என்று மன்னர் கேட்டார். பாரசீகக் குடாவிலே கண்டதுண்டு என்றார் இவர். இவை போன்ற முத்துக்கள் அங்கே உளவா? இவற்றிற்குத் தாழ்ந்தவையே உள என்பது விடை. மன்னர் உளம் மகிழ்ந்து அம்முத்துக்களை அவரிடமே கொடுத்து, கூசாமல் வேண்டியதைக் கேளும் என்றார். முகத்துதி சற்றே இருந்திருக்கலாம். மன்னார்க் கடல் முத்தைக் குறித்துச் சொன்னதாதலால் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது.

யாத்திரிகர் கேட்டது பொன்னோ பொருளோ அன்று, வழி! இத்தீவிலே கால் வைத்த நாள்முதல் தமக்கு ஒரே ஆசை, ஆதம் பிதாவின் பாதச்சுவட்டைக் காண்பதே என்றார். ஆதமை இங்குள்ளோர் பாபா என்பர் என்று அவர் எழுதிவைத்துள்ளார். சைவர் சிவனொளிபாதமலை என்றும் பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும் போற்றும் அச்சிகரத்தை இலங்கை முஸ்லிம்கள் பாவாத மலை என்பர். அந்தப் பாபா இன்னும் அப்பெயரில் இருக்கின்றார். அது எளிது, கூட்டிச்செல்ல ஆள் தருவோம் என்றார் மன்னர். தந்தது ஆள் மட்டுமன்று. ஒரு பல்லக்கு; அதனைத் தூக்கும் பணியாளர்; ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர்; பிராமணர் மூவர்; அரசரின் தோழர் பதின்மர்; உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர். வழி அறிந்தவர் யோகியர். அரசர் ஆணை இதுவென்று சொல்லத் தகுந்தவர் தோழர். இன்றைய மோட்டார்ப் பிரயாணி அனுமதிப்பத்திரமும் படமுமாகப் பையில் இட்டுச் செல்வதை, அன்று முப்பதுக்கும் மேற்பட்ட மனிதர் தம் தோளிலும் நினைவிலும் சுமந்தனர்.

முதல் நாள் ஓர் ஆற்றங்கரையில் தங்கினர்; மூங்கில் தெப்பத்தில் அதனைக் கடந்தனர். பின்னர் மன்னார் மண்டலி என்று அவர் குறிக்கும் ஊர். அது புத்தளத்துக்குத் தெற்கேயுள்ள முந்தல் பகுதியாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. மன்னரின் ஆட்சி எல்லை அவ்வூரோடு முடிந்தது. அங்குள்ளோர் எருமைக் கன்றும், சோறும், நெய்யும், மீனும், கோழியும், பாலும் கொண்டு விருந்து செய்தனர். நோயினால் அங்கே தங்கிவிட்ட குராசான் நாட்டார் ஒருவர் தவிர வேறு முஸ்லிமைத் தாம் அவ்வூரிற் காணவில்லை என்கின்றார். அந்த நோயாளியும் இவர்களோடு சேர்ந்து புறப்பட்டார். தனியே வழி தெரியாமற் கிடந்த ஒருவருக்கு, பிறிதொரு பரதேசியின் பரிவாரம் வழித்துணையாயிற்று.

அடுத்தது பந்தர் சலாவாத். சிங்களப் பெயராகிய ஹலாவத்தவை நினைத்துப் பார்த்தால் ஊர் எதுவென்று விளங்கும். தமிழ்ப் பெயராகிய சிலாபமோ முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லோடு உறவுடையது. இன்று புத்தளத்திலிருந்து சிலாபம் வரும் மோட்டார் வாகனம் தெதுறு ஓயாவைப் பாலத்தின் மேலாக ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். கீழே ஆறு இருந்ததைச் சாரதி கவனித்திருப்பாரோ என்பது ஐயம்.

சிலாபத்துக்கு அப்பால் பாதை கரடுமுரடு, எங்கும் நீரோடைகள், யானைகள் மிகுதி. யாத்திரிகரையும் அந்நியரையும் அவை துன்புறுத்துவதில்லை என்று அவர் கேள்வியுற்றார். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டவர், பத்தாம் நூற்றாண்டில் சீராசு நகரில் வாழ்ந்த ஞானி இப்னு கபீப். பசியினால் யானைக் கன்றொன்றைக் கொன்று தின்ற தோழர்களை யானைகள் அழித்தன. தின்ன மறுத்த ஞானியையோ ஒரு யானை முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிற்று என்பது கதை. வழியைத் திறந்தவர் அவரே என்பது மரபு. கதை எவ்வாறாயினும் யானை மெய். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில் இரவில் வாகனம் செலுத்துவோர் இன்றும் அதனை மறப்பதில்லை.

குனகார் என்னும் அரச நகரத்தை அவர் அடுத்து அடைந்தார். அது குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர். மலைக்காட்டில் அட்டைகள் பாய்ந்து கடித்தன. அவற்றின்மேல் பிழிவதற்கு வழிப்போக்கர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தனர். உச்சியை நெருங்கும்போது பாறையில் இருப்புச் சங்கிலிகள் பத்து. அவற்றைப் பற்றியே ஏறவேண்டும். தரிசனம் முடித்து, வேறு வழியாய் இறங்கி, தெவிநுவரை, காலி, கொழும்பு என்று கரையோரமாகவே திரும்பினார். கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு மூன்று நாள். இன்று சில மணி நேரம் போதும்.

மோட்டார் வாகனம் பெருகிய பின்னர், ஒரு நாட்டில் வாகனம் செலுத்தத் தகுதி பெற்றவரை மறு நாடும் ஏற்கவேண்டும் என்னும் எண்ணம் உடன்படிக்கையாக உருப்பெற்றது. 1926இல் பாரிசிலும் 1949இல் ஜெனீவாவிலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வழக்கில் வந்தது. 2025 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவர்க்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வழங்கப்படலாயிற்று. தாஞ்சியர் நகரத்தார் ஒருவர் இன்று வந்தாலும் அதனைப் பெறலாம். அவர் ஊரில் வலப்பக்கம் செல்வது வழக்கமாதலால், முதல் நாள் சற்றே திணறுவார், அவ்வளவுதான். முத்தைப் புகழவேண்டியதில்லை, மைத்துனரைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எருமைக் கன்றோடு விருந்திட்டு வழியனுப்புவாரையும் அப்பத்திரம் தருவதில்லை.

இப்னு பதூதா புத்தளத்துக்கு மீண்டபோது மாலுமித் தலைவன் இப்ராகீம் அங்கே காத்திருந்தான். ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவர் திரும்பும்வரை அவன் தம் விருந்தினன் என்று மன்னர் ஏற்றுக்கொண்டிருந்தார். கொள்ளைக்காரன் என்று மாலுமிகள் அஞ்சிய அரசரின் துறைமுகத்திலே, அக்கப்பல் ஒரு கயிறும் குறையாமல் நின்றது.

அங்கிருந்து புறப்பட்ட கப்பல் மறுகரையை அணுகுகையில் புயலிற் சிதைந்தது. உயிர் தப்பிய யாத்திரிகர் மதுரைச் சுல்தானுக்குச் செய்தி அனுப்ப, அவர் பல்லக்கும் குதிரைகளும் விடுத்தார். புத்தளத்தில் சொன்ன உறவு அங்கே பலித்தது. பின்னர் மேற்குக் கரையில், ஹொன்னாவருக்குத் தெற்கே, பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஆரியச் சக்கரவர்த்தி தந்த மணிகளும் அவரிடமிருந்த பிறவும் அங்கே பறிபோயின. காற்சட்டை ஒன்றே மிஞ்ச, அவர் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். அவ்வூர்ச் சட்ட அறிஞர் ஒருவர் அங்கியும், நீதிபதி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் அங்கியும் அனுப்பி வைத்தனர்.