ஓர் இடைவெளியின் மதிப்பு

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தை நம்மவர் பலரும் அறிவர். ஆயினும், 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கே வாணிபத்திற்கெனப் பயிரிட்டது தென்னையன்று, எண்ணெய்ப்பனை. மலாயாவில் அத்தகைய முதல் தோட்டம் அதுவே. எனவே, பெயரை மட்டும் கண்டு பொருள் கொள்வோர் ஏமாறுவர். அது குறிப்பது யாதென்றும் அறிதல் வேண்டும்.

கணினிக்கு எழுதும் மூலநிரலிலும் இவ்வாறே. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான 'சி' மொழியில், ஒரு பெயர் வருமிடமெல்லாம் இன்ன தொடரை இடுக என்று விதிக்கலாம். அவ்விதியை மாக்ரோ என்பர். அதற்கோ தனியிலக்கணம் உண்டு. ஏனைய வாக்கியங்களை அரைப்புள்ளி முடிக்கும். மாக்ரோவை வரியின் முடிவே முடிக்கும். 'கூலி(நாள்)' என ஒட்டி வரையறுத்தால், நாள் என்பது பின்னர் நிரப்பப்படும் உறுப்பு. 'கூலி (நாள்)' எனப் பிரித்தாலோ, கூலி வருமிடமெல்லாம் '(நாள்)' என்பதே வந்து நிற்கும். பலகையும் பல கையும் ஒன்றாகுமோ?

இத்தகைய மொழிகளைப் பகுத்துணரும் விதிகளைச் சுருங்க எழுதும் முறையை 1959-இல் ஜான் பேக்கஸ் வெளியிட்டார். 1960-இல் பீட்டர் நௌர் அதனைச் செம்மை செய்து ஆல்கால் மொழியின் அறிக்கையில் கையாண்டார். பாணினியும் முற்காலத்தே இதற்கு நிகரான முறையைக் கையாண்டமையால், அவர் பெயரையும் இதனுடன் சேர்த்தல் வேண்டுமென 1967-இல் இங்கர்மன் எழுதினார். நம் பவணந்தியாரோ, நன்னூலில் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாக்கிக் காட்டினார். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம் அதனை வீண் மனப்பாடமென்று இகழ்ந்தோம். மாக்ரோவைப் பிரிக்க முயன்று தோற்ற பின்னரே நன்னூலைத் திறந்தோம்.

நாம் கிராணி வேலை பார்ப்பவர். செக்ரோலின் குறிகளை அறிந்த கிராணி ஒருபுறமும், அவற்றை அறியாது கைநாட்டு வைத்த தொழிலாளி மறுபுறமும் நின்ற காலத்தை நம் முதியோர் மறவார். குறிக்குரிய விதி எவர் கையிலோ, கணக்கும் அவர் கையிலே. இன்று அக்கணக்கு கணினிக்குள் புகுந்துவிட்டது. குறிகள் ஒழியவில்லை, மறைந்தே நிற்கின்றன.

இலக்கணம் பண்டிதர் சொத்து, கணினி ஆங்கிலம் கற்றோர் சொத்து என்னும் இரு மயக்கங்களையும் விட்டொழிப்போமாக! 'நடந்தனன்' என்பதைப் பிரிக்கக் கற்ற தோட்டத்துப் பிள்ளை, மாக்ரோவையும் பிரிக்கக் கற்கும். கற்பிக்க வேண்டுவது நம் கடன்.