புரதம்: பினாங்குத் தமிழர் உணவு வரலாற்றில்

தசை, தோல், குருதி, நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருள்கள் என உடலின் பல பகுதிகளுக்கும் புரதமே அடிப்படை. புரதம் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆன கோவை. அவற்றில் ஒன்பதை உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நலமாக உள்ள பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். இந்த அளவு கிடைக்காமல் போனதற்கான காரணம் வரலாற்றில் பலமுறை தவறாகவே சொல்லப்பட்டிருக்கிறது. புரதக் குறை என்று பெயரிடப்பட்டதில் பெரும்பங்கு சோற்றுக் குறை, கூலிக் குறை, தாய்ப்பாலிலிருந்து குழந்தை விலக்கப்பட்ட குறை. பினாங்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1838இல் டச்சு வேதியியலாளர் முல்டர் புரதத்தின் பெயரை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தினார். அதன்பின் ஜெர்மானிய அறிஞர் ஃபாய்ட், உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 118 கிராம் வேண்டும் என்றார். அமெரிக்காவின் சிட்டெண்டன் 1904இல் அதில் பாதியே போதும் என்று சோதித்துக் காட்டினார். ஆனாலும் இறைச்சி உண்பவனே வலியவன், சோறு உண்பவன் சோனி என்ற எண்ணம் குடியேற்ற ஆட்சியாளர்களிடம் நெடுநாள் நிலைத்திருந்தது. அதே காலத்தில் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் சஞ்சிக்கூலிகளாக (ஒப்பந்தக் கூலிகளாக) உழைத்த தமிழர்களின் உணவு அரிசியும் பருப்பும் கருவாடும்தான். இது தாழ்ந்த உணவல்ல. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. 300 கிராம் அரிசியில் சுமார் 20 கிராம் புரதமும், 100 கிராம் பருப்பில் 22 கிராமுக்கு மேலும் உண்டு. ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு சேர்ந்தால் ஒரு நாள் தேவை நிறைந்துவிடும். குறை இருந்தது அளவில்: கடன் பிடித்தம் போக மிஞ்சிய கூலியில் அந்தப் பருப்பும் கருவாடும் எவ்வளவு வாங்க முடிந்தது என்பதில். சஞ்சி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கூலிக்கும் தட்டுக்கும் இருந்த முடிச்சு அதோடு அவிழவில்லை.

மலாயாவோடு நேரடித் தொடர்புடைய அடுத்த பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த இந்தக் குழந்தை மருத்துவர், மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் வீங்கிய கால்களும் உரியும் தோலுமாக வந்த பிள்ளைகளின் நோயை 1933இல் விவரித்து, 1935இல் அதை அம்மக்களின் சொல்லாலேயே குவாஷியோர்கர் என்று அறிவித்தார். தாய்ப்பால் நிறுத்தப்பட்டுச் சோளக்கஞ்சி மட்டும் ஊட்டப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்ட அவர், இங்கே கைக்குழந்தைகளுக்குச் சீனி கலந்த டின் பால் புகட்டப்படுவதைக் கண்டார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரைதான். தண்ணீர் கூட்டிக் கரைத்தால் நிறம் பாலாகவே இருக்கும், சத்து இருக்காது. அந்தத் தண்ணீரில் கிருமியும் இருந்தால் வயிற்றுப்போக்கு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி, அந்த டின் பால் விற்பனையைக் கடுமையாகச் சாடினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகம் அவருடைய கண்டுபிடிப்பில் புரதக் குறை என்ற ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. உலகெங்கும் புரதப் பஞ்சம் என்ற அச்சம் கிளம்பி, 1968இல் ஐக்கிய நாடுகள் அவை வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுப்பது பற்றி அறிக்கை வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது. புரதமாவுகளுக்கும் பால்மாவுக்கும் பெரும்பணம் செலவானது. இதற்கு எதிராகச் சான்றோடு நின்றவர்களில் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் முதன்மையானவர். குவாஷியோர்கர் கண்ட பிள்ளைகளும் எலும்பும் தோலுமாய் மெலிந்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வகை உணவைத்தான் உண்டிருந்தார்கள் என்று அவர் காட்டினார். உண்ணும் அளவே போதாதபோது உடல் புரதத்தையும் எரிபொருளாக்கி எரித்துவிடும். வயிறு நிறைய வழக்கமான உணவு கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் இந்த முழு முயற்சியையும் மாபெரும் புரதத் தோல்வி என்றே எழுதினார்.

பசும்பாலில் புரதம் அதிகம்தானே, பால்மாவை ஏன் எதிர்க்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. அதிகம்தான்: 100 மில்லியில் பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல், தாய்ப்பாலில் ஏறத்தாழ ஒரு கிராம். மெதுவாக வளரும் மனிதக் குழந்தைக்கு வேண்டியது அந்த ஒரு கிராம். கூடுதல் புரதம் இளம் சிறுநீரகத்துக்குச் சுமை. கூடவே தாய்ப்பால் தரும் நோய் எதிர்ப்பு டின்னில் வராது. இந்த வாதத்தை உலக அரங்கில் கொண்டு நிறுத்தியவர்களில் பினாங்குக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பால்மாவு விளம்பரங்களை எதிர்த்தது. அன்வார் ஃபசால் 1979இல் அனைத்துலகக் குழந்தை உணவு இயக்க வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 1981இல் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1991இல் தோன்றிய தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணியின் தலைமையகம் இன்றும் பினாங்கில்தான். ஆகஸ்ட் முதல் வாரத் தாய்ப்பால் வாரம் 1992 முதல் அதன் முயற்சியால் நடக்கிறது.

புரதக் குறையே கற்பனை என்று இதற்குப் பொருள் கொள்வதும் பிழை. முதியவர்களின் தசை தேய்வதைத் தடுக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. கஞ்சியும் ரொட்டியும் தேநீருமாக நாளைக் கடத்தும் பாட்டிக்கு அது கிடைப்பதில்லை. இளையவர்களின் சிக்கல் வேறு. ஜார்ஜ்டவுன் நாசி கண்டார் கடையில் சோற்றைக் குவித்து, நான்கைந்து குழம்புகளை மேலே வார்த்து, ஓரத்தில் ஒரு துண்டு கோழி வைக்கிறார்கள். தட்டில் பெரும்பங்கு சோறு, காய் இரண்டு வெண்டைக்காய். சோறு மிகுந்த இந்தத் தட்டு கவலை தருவதற்குக் காரணம் உண்டு: 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடம் மிக அதிகம். சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, அரைப் பங்கு காய்கனி. அதே கடையில் சோற்றைப் பாதியாகக் கேட்டு, ஒரு முட்டையும் பருப்பும் காயும் கூடுதலாக வாங்கினாலே அதற்கு நெருங்கி வந்துவிடலாம். புரதமாவு டப்பா தேவையில்லை.