ஓவியம் காத்த கல்லறை

ஒரு தொல்சின்னம் 'அழிந்துவிட்டது' என அறிஞர் ஒருவர் எழுதிவைத்தால், பின்வருவோர் அதனைத் தேடுவதில்லை. அங்ஙனம் தேடாது விடப்பட்ட கல்லறை ஒன்று, பழைய ஓவியம் ஒன்றின் துணையால் மீண்டும் அடையாளம் காணப்பட்ட வரலாறு அயர்லாந்தில் நிகழ்ந்தது.

அந்நாட்டின் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்தில், பாலிஃபெரிட்டர் என்னும் ஊருக்கு அருகே குரோக்மார்ஹின் குன்று உள்ளது. அதன்மீது இருந்த பெருங்கற் சின்னத்தை மக்கள் 'அல்டோர் நா கிரேன்ய' என்று ஐரிய மொழியில் வழங்கினர். 'ஞாயிற்றின் பலிபீடம்' என்பது இதன் பொருள். 1838-இல் அங்குச் சென்ற ஜார்ஜியானா சாட்டர்ட்டன் சீமாட்டி அதனை ஓவியமாகத் தீட்டினார். 1852-இல் ரிச்சர்ட் ஹிட்ச்காக் என்னும் தொல்பொருள் ஆர்வலரோ, அக்கற்கள் உடைக்கப்பட்டுக் கட்டட வேலைக்காக எடுத்துச் செல்லப்பட்டன என்று பதிவு செய்தார். அதன்பின் ஏறத்தாழ 170 ஆண்டுகள் அச்சின்னம் ஏட்டில் மட்டுமே வாழ்ந்தது.

நாட்டுப்புறவியல் அறிஞர் பில்லி மாக் ஃப்ளின் அக்குன்றின் கற்களை நிகழ்படமாகப் பதிவு செய்து, அதனை முப்பரிமாண உருவமாக மாற்றினார். அப்போது ஒரு கல்லின் வடிவம் சாட்டர்ட்டனின் ஓவியத்திலுள்ள கல்லை ஒத்திருக்கக் கண்டார். அரசின் தொல்லியலாளரும் அவ்விடத்தை ஆராய்ந்து உறுதி செய்தார். மூடுகல்லும் நிறுத்துகற்கள் சிலவும் எஞ்சியிருந்தன. பழைய அமைப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலைத்திருந்தது. 2024 சனவரியில் இச்செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இஃது 'ஆப்பு வடிவக் கல்லறை' என்னும் வகையைச் சார்ந்தது. கி.மு. 2500-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட வெண்கலக் காலத் தொடக்கத்தில் எழுந்தது. இவ்வகைக் கல்லறைகள் ஒரு முனையில் அகன்றும் உயர்ந்தும், மறுமுனை நோக்கிக் குறுகியும் தாழ்ந்தும் அமைவன. அகன்ற முனை பெரும்பாலும் மேற்கு அல்லது தென்மேற்குத் திசையை, அஃதாவது ஞாயிறு மறையும் பக்கத்தை நோக்கியிருக்கும். 'ஞாயிற்றின் பலிபீடம்' என்ற பெயரை இவ்வமைப்போடு இணைத்து எண்ணத் தோன்றுகிறது.

ஹிட்ச்காக் பொய் உரைத்தார் அல்லர். அவர் கூற்று முக்கால் பங்கு உண்மை. எஞ்சிய காற்பங்கைக் காப்பாற்றியவை இரண்டு: சாட்டர்ட்டனின் ஓவியம் ஒன்று, அதனை நினைவிற் கொண்டு களத்தை நோக்கிய கண் மற்றொன்று. வெறும் ஓவியம் இடத்தைக் காட்டாது. வெறும் களமோ சிதறிய கற்களையே காட்டும். இரண்டும் ஒருசேர நோக்கப்படும்போதே வரலாறு புலனாகும்.

தமிழகத்திலும் கல்திட்டைகளைப் 'பாண்டவர் வீடு' என மக்கள் வழங்குவது உண்டு. கட்டட வேலைக்கெனக் கல் உடைப்போரின் உளிக்கும் வெடிக்கும் இரையானவை இங்கும் பல. ஆகவே பழைய நூல்களிலும் ஆவணங்களிலும் உள்ள நிழற்படங்களையும் கோட்டோவியங்களையும் கையிலேந்திக் களம் செல்வது நம் ஆய்வாளர் கடமையாகும். 'அழிந்தது' என்று எழுதுமுன் ஒருமுறை குனிந்து பார்ப்பதும் ஆராய்ச்சியே.