சீனத் தத்தெடுப்பு: பதிவு நாளும் காப்பக வாசலும்

சீனாவின் அரசுக் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளை வெளிநாட்டுத் தம்பதியர் சட்டப்படி தத்தெடுத்துச் செல்ல, 1992 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம் வழி திறந்தது. 2024 செப்டம்பரில் சீன அரசு அந்த வழியை மூடியது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் நாடு விட்டு நாடு போனார்கள். அவர்களில் பாதிக்கு மேல், அதாவது 82,000-க்கும் அதிகமானோர், அமெரிக்காவில் வளர்ந்தவர்கள்.

பின்னணி

1980 வாக்கில் நாடெங்கும் அமலான ஒரு குழந்தைக் கொள்கைதான் இதன் வேர். அளவுக்கு மேல் பெற்றால் அபராதம் விதிக்கப்பட்டது. ஆண் வாரிசு வேண்டும் என்ற ஆசையோ கிராமங்களில் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் சிக்கியவை பெண் குழந்தைகள். குழந்தையைக் கைவிடுவது குற்றம் என்பதால் பெற்றோரால் தங்களைக் காட்டிக்கொள்ள முடியவில்லை. ஆனால் யார் கண்ணிலாவது சீக்கிரம் பட வேண்டும் என்று நினைத்தார்கள். சந்தை முகப்பு, மருத்துவமனை வாசல், காவல் நிலையத் திண்ணை, காப்பகத்தின் கதவு ஆகிய இடங்களிலேயே பெரும்பாலான குழந்தைகள் கண்டெடுக்கப்பட்டார்கள்.

கோப்பும் பொருத்தமும்

தத்தெடுக்க விரும்பியவர்கள் முதலில் தங்கள் நாட்டிலேயே வீட்டு ஆய்வு, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று அனைத்தையும் திரட்டினார்கள். அந்தக் கோப்பு பெய்ஜிங்கில் இருந்த சீனத் தத்தெடுப்பு விவகார மையத்துக்குப் போகும். குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியவர்கள் அங்கிருந்த அலுவலர்கள். கண்டெடுத்த குழந்தையைப் பற்றிப் பொது அறிவிப்பு கொடுத்து, 60 நாள் வரை யாரும் உரிமை கோராவிட்டால்தான் அதை வெளிநாட்டவருக்குத் தரலாம் என்பது அன்றைய விதி.

பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு புகைப்படமும் ஓரிரு பக்க மருத்துவக் குறிப்பும் வரும். எடை, உயரம், கண்டெடுத்த இடம் ஆகியவை அதில் இருக்கும். பிறந்த நாள் என்று எழுதியிருப்பது பல நேரம் மருத்துவர் தொப்புள்கொடியைப் பார்த்துக் கணித்த தேதி.

பதிவு நாள்

குழந்தையைக் கையில் வாங்கியது மாகாணத் தலைநகரில். விடுதிக் கூடத்திலோ குடிமை விவகார அலுவலகத்திலோ பராமரிப்பாளர்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கி வருவார்கள். கோடையிலும் இரண்டு மூன்று சட்டை போட்டிருக்கும். புது முகத்தையும் புது மணத்தையும் கண்டு வீறிட்டு அழுவது வழக்கம். அழாமல் உறைந்து போகும் குழந்தைகளைக் கண்டுதான் அனுபவசாலிகள் கூடுதலாகக் கவலைப்படுவார்கள்.

மறுநாள் பதிவு. கைவிட மாட்டோம், கொடுமைப்படுத்த மாட்டோம் என்று பெற்றோர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தையின் உள்ளங்காலில் சிவப்பு மை தடவி ஆவணத்தில் ஒற்றுவார்கள். பேச்சு வராத பிள்ளைக்கு அதுதான் கையெழுத்து. இதில் நீதிமன்றத்துக்கு வேலை இல்லை: பதிவான அந்த நாளிலிருந்தே தத்தெடுப்பு செல்லும். அதன்பின் நோட்டரிச் சான்றிதழ்கள், சீனக் கடவுச்சீட்டு. கடவுச்சீட்டு கைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

காப்பக வருகை

அந்தக் காத்திருப்பு வாரத்தில்தான் பல குடும்பங்கள் குழந்தை வளர்ந்த சமூக நல இல்லத்தைப் பார்க்கக் கிளம்பின. முன் அனுமதி வேண்டியிருந்தது. சில இல்லங்கள் வெளியாரை உள்ளே விடவில்லை. அனுமதி கிடைத்தவர்கள் வரிசையாகப் போட்ட கட்டில்களையும், அவற்றில் தம் பிள்ளை படுத்த கட்டிலையும் கண்டார்கள். சீனத்தில் 'ஆயீ' என்றால் சித்தி. பராமரிப்புப் பெண்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். எந்தப் பாட்டுக்குத் தூங்கும், கஞ்சியை எவ்வளவு சூட்டில் குடிக்கும் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை, அந்த ஆயீக்குத் தெரியும்.

பார்க்க வேண்டிய இன்னொரு இடம் அலுவலக அலமாரி. கண்டெடுத்தபோது துணியில் செருகியிருந்த, பிறந்த நேரம் எழுதிய சிவப்புத் தாள் சில கோப்புகளில் இருந்தது. கேட்டு வாங்கிப் படமெடுத்துக்கொண்ட பெற்றோர் பின்னாளில் தம் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒரே குடும்பப்பெயர் இட்டிருப்பதும் அங்கேதான் புரியவரும்.

அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கடைசி நிறுத்தம் குவாங்சோ. குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையும் துணைத் தூதரகத்தில் விசாவும் அங்கே. ஷாமியன் தீவின் ஒயிட் ஸ்வான் விடுதியில், சிவப்புச் சோபாவில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுப்பது சடங்காகவே ஆகிவிட்டது. 2001 பிப்ரவரி 27-ல் அமலான சட்டத்தால், முழுமையாகத் தத்தெடுக்கப்பட்ட குழந்தை அமெரிக்காவில் குடியேற்ற விசாவுடன் வந்திறங்கியதும் குடியுரிமை பெற்றது.

முறைகேடுகள்

ஒவ்வொரு குடும்பமும் காப்பகத்துக்கு நன்கொடை தருவது நடைமுறையாக இருந்தது. நெடுங்காலம் அது 3,000 டாலர். அந்தப் பணமே சிலருக்கு ஆசை காட்டியது. குவாங்டாங்கிலிருந்து ஹூனான் மாகாணக் காப்பகங்களுக்குக் குழந்தைகள் விற்கப்பட்டது 2005-ல் அம்பலமாகி, மறு ஆண்டு ஹூனானின் ஹெங்யாங் நகரில் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். 2019-ல் வந்த 'ஒன் சைல்ட் நேஷன்' ஆவணப்படம் இந்தக் காயத்தை மறுபடி திறந்தது. 'கண்டெடுத்த இடம்' என்று கோப்பில் எழுதியிருப்பது உண்மையா என்ற கேள்வி, நேர்மையாகத் தத்தெடுத்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

முடிவும் மிச்சமும்

அமெரிக்காவுக்கு மிக அதிகமாக, ஏறத்தாழ 7,900 குழந்தைகள் சென்றது 2005-ல். பிறகு எண்ணிக்கை இறங்கியது. பின்னாளில் தத்துப் போனவர்களில் உடல்குறையோ நோயோ உள்ள குழந்தைகளே மிகுதி. கொரோனாவால் 2020-ல் பயணங்கள் நின்றன. 2024 செப்டம்பர் அறிவிப்பின்படி, நெருங்கிய இரத்த உறவில் வரும் குழந்தையையோ துணையின் முந்தைய குழந்தையையோ தவிர வேறெவரையும் வெளிநாட்டவர் தத்தெடுக்க முடியாது.

அன்று தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளில் மூத்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். பலர் மரபணுச் சோதனை செய்து பெற்றோரைத் தேடுகிறார்கள். தாம் வளர்ந்த இல்லங்களைத் தேடிப் போகிறார்கள். 1993-ன் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, குழந்தையின் பிறப்புப் பின்னணி பற்றிய தகவல்களை நாடுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சீனாவுக்கு அது 2006 ஜனவரி 1 முதல் பொருந்துகிறது. தத்தெடுப்பு நின்ற பிறகும் அந்தக் கடமை நிற்கவில்லை. காப்பக அலமாரிகளில் உள்ள கோப்புகள் அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானவை.