புறக்கோட்டையின் காவல்: பிஸ்கால் முதல் பொலிஸ் மா அதிபர் வரை

கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பல தலைமுறைகளாக நம் மாணவியர் துணிக்கும் நகைக்கும் பாடநூல்களுக்கும் சென்றுவரும் இடம் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே இருந்ததால் அப்பெயர். இன்று நெரிசலில் திணறும் இப்பகுதி ஒல்லாந்தர் காலத்தில் ஒரு சிறு நகரம். இலங்கைப் பொலிஸின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1659இல் இரவுக் காவலுக்குச் சம்பளக் காவலரை நியமித்தனர். கோட்டையின் வடக்கு வாயில், கோட்டையையும் புறக்கோட்டையையும் இணைத்த பாதையின் முகப்பு, கெய்மன்ஸ் கேட் எனப்படும் வாயில் ஆகிய இடங்களில் முதற் காவல் நிலையங்கள் அமைந்தன. பழைய நகர மண்டபத்துக்கு அருகே இன்றும் நிற்கும் மணிக்கோபுரம் அந்த வாயிலை நினைவூட்டுகிறது. கோட்டேயின் பழைய தேவாலயத்திலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த மணி இரவில் ஒலித்தால் ஊர் அடங்கவேண்டும்.

அக்காலத்துப் பொலிஸ் தலைவர் 'பிஸ்கால்' என்ற அதிகாரி. குற்றவாளியைப் பிடிப்பிப்பவரும் வழக்குத் தொடுப்பவரும் அவரே. ஒரே கையில் இத்தனை அதிகாரம் இருந்தால் அக்கையின் இயல்பே ஊரின் தலைவிதி ஆகிவிடும். அந்தக் காவல் எல்லோருக்குமான காவலும் அன்று. அடிமைகள் இரவில் ஏரிக்கு அப்பால் அடைக்கப்பட்டார்கள். கொம்பனித்தெருவின் ஆங்கிலப் பெயர் அதற்குச் சாட்சி. உடைமை உள்ளவர்களின் உறக்கத்துக்காகவே மணி ஒலித்தது.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். மறுவருடமே பிஸ்கால் பதவி மீண்டும் உருவானது. கிராமங்களில் பொலிஸ் விதானைமார் காவலைப் பார்த்தனர். 1864இல் மாவனல்லையில் உத்துவன்கந்த சரதியலைப் பிடிக்கச் சென்ற மலாய் கொன்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். அவர் உயிர்நீத்த மார்ச் 21 இன்றும் பொலிஸ் வீரர் தினம்.

1866 செப்டெம்பர் 3ஆந் திகதி பம்பாய் மாகாணத்து ரத்னகிரியில் பணியாற்றிய ஜோர்ஜ் வில்லியம் ரொபர்ட் கம்பெல் தலைமைப் பொலிஸ் அத்தியட்சகராகப் பொறுப்பேற்றார். அடுத்த வருடம் அப்பதவி 'பொலிஸ் மா அதிபர்' என்றானது. ஊருக்கொரு தலைவர் என்ற நிலை போய், தீவு முழுவதற்கும் ஒரு தலைவர் வந்தார். ஒழுங்கு வளர்ந்தது, அதனுடன் மக்களுக்கும் தலைவருக்கும் இடையிலான தூரமும் வளர்ந்தது.

அந்தத் தூரம் 1915இல் தெரிந்தது. கண்டியில் மே இறுதியில் மூண்ட கலவரம் சில நாட்களில் புறக்கோட்டையை எட்டியது. முஸ்லிம் வணிகர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. காக்கவேண்டியவர்களால் காக்க முடியவில்லை. பின் வந்த இராணுவச் சட்டமோ அளவு கடந்தது. எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆந் திகதி இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அடக்குமுறையைச் சட்டநிரூபண சபையிலும் பின்னர் லண்டனிலும் எதிர்த்துப் பேசியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே.

1958இலும் 1983இலும் நம் மாணவியரின் குடும்பங்களும் அதே கேள்வியைக் கேட்டன: அஞ்சி ஓடும்போது காவல் நிலையத்தின் கதவு நமக்குத் திறக்குமா? அன்று வீடிழந்து பாடசாலை மாறிய தோழியர் பலர். நாடு மாறியவர்களும் பலர். அவர்களின் வெற்றிடங்களையும் சேர்த்தே இந்த நூற்றாண்டை நாம் எண்ணுகிறோம்.

1952இல் பெண்கள் முதன்முதலாகப் பொலிஸ் சேவையில் சேர்க்கப்பட்டனர். பிஸ்காலின் காலத்தில் நினைத்தும் பார்த்திராத மாற்றம் இது. ஆயினும் தன் மொழியில் முறைப்பாடு சொல்லவும், எழுதப்பட்டதை வாசித்து விளங்கிக் கையொப்பமிடவும் முடிகின்ற நாளிலேயே ஒரு பெண்ணுக்குக் காவல் நிலையம் தன்னுடையதாகும். சட்டம், மொழிபெயர்ப்பு, பொலிஸ் சேவை ஆகிய துறைகளையும் நம் இளைய சகோதரிகள் விரும்பித் தெரிவு செய்யவேண்டும். முந்நூற்றறுபது வருடங்களுக்கு மேலான இந்தக் காவல் வரலாற்றில் நம் பெண்கள் எழுதவேண்டிய பக்கங்கள் இன்னும் நிறைய உண்டு.