நம் முன்னோரின் இறப்புப் பதிவுகள்: எங்கே தேடுவது, எப்படித் தேடுவது?



தொடக்கநூல் 49-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு சாகும் தறுவாயில் தம் புதல்வர்களை அழைத்து ஒரு கல்லறையின் விவரத்தைச் சொல்கிறார். அந்த நிலம் எங்கே இருக்கிறது, அதை ஆபிரகாம் யாரிடமிருந்து வாங்கினார், அங்கே யார் யார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். ஆபிரகாம், சாரா, ஈசாக்கு, ரெபேக்கா, லேயா என்ற ஐந்து பெயர்கள் அதில் வருகின்றன. எகிப்தில் அந்நிய மண்ணில் கிடந்த அந்த முதியவருக்குத் தம் பிள்ளைகள் முன்னோரின் கல்லறையை மறந்துவிடக் கூடாது என்ற கவலை இருந்தது.

நமக்கும் அந்தக் கவலை வேண்டும். நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறோம். தாத்தா, பாட்டி வரை பெயர் வரும். அதற்கு மேல் "குடும்பத்து ஆன்மாக்கள்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். அவர்களுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் எங்கோ ஒரு ஏட்டில் எழுதப்பட்டும் இருக்கலாம். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் போன்ற உலகத் தேவைகளுக்கும் இந்தப் பதிவுகள் உதவுகின்றன. திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் வேர் கொண்ட குடும்பங்கள் பெரிய செலவின்றி இவற்றைத் தேட உதவும் வழிகளைக் கீழே தருகிறோம்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் ஆவணக் காப்பகம் நம் வீட்டுப் பரண்தான். பழைய செபப் புத்தகத்தின் முதல் பக்கம், முப்பதாம் நாள் நினைவு அட்டை, ஓய்வூதிய உத்தரவு, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றில் இறந்த தேதியோ, "காலஞ்சென்ற" என்ற ஒரு சொல்லோ இருக்கும். 1950-இல் எழுதிய பத்திரம் ஒருவரைக் காலஞ்சென்றவர் என்றும், 1944-இல் எழுதிய பத்திரத்தில் அவரே கையெழுத்திட்டும் இருந்தால், தேட வேண்டியது அந்த ஆறு ஆண்டுகள் மட்டுமே. தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாரிசுகள் சேர்ந்து எழுதிய பத்திரம் கண்ணில் பட்டால், அதற்கு முன்பே உரிமையாளர் இறந்துவிட்டார் என ஊகிக்கலாம்.

வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள். தேதி அவர்களுக்கு நினைவிருக்காது. "காவிரி வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்" என்று சொல்வார்கள். பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில். அப்படியானால் நீங்கள் பார்க்க வேண்டிய ஏடு 1925.

2. பங்கின் இறந்தோர் பதிவேடு

கத்தோலிக்கருக்கு மிகப் பெரிய கொடை பங்குப் பதிவேடுகளே. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் பங்குத்தந்தையின் கடமையாக்கியது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் (1983) 535-ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. பழைய ஏடுகளைக் கவனமாகப் பாதுகாக்கவும் கட்டளையிடுகிறது. அடக்கம் முடிந்ததும் பதிவு செய்ய வேண்டும் என்பது 1182-ஆம் சட்டம்.

பங்கில் ஏடு கரையானுக்கு இரையாகியிருந்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பின் 470-ஆம் சட்டப்படி, பங்குத்தந்தையர் ஆண்டுதோறும் பதிவேடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எனவே ஆயர் இல்லத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இவை அரசு ஆவணங்கள் அல்ல. யாரும் வந்து புரட்டிப் பார்க்கும் பொது ஏடுகளும் அல்ல. தம் நிலை குறித்த ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையை 487-ஆம் சட்டம் உரியவருக்குத் தருகிறது. முன்னோரைத் தேடுவோர் பங்குத்தந்தையின் அனுமதியோடுதான் பார்க்க முடியும். முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பெயர், தந்தை பெயர், உத்தேச ஆண்டு, ஊர் ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். ஞாயிறு காலையிலும் திருவிழா நாட்களிலும் போய் நிற்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

3. எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம்?

பலர் தடுமாறும் இடம் இது. இன்றைய எல்லைகளை வைத்து அன்றைய ஏட்டைத் தேட முடியாது.

மதுரை மறைபரப்பு மாநிலம் 1846-இல் உருவானது. அது 1886-இல் திருச்சி மறைமாவட்டமாக உயர்ந்தது. அதிலிருந்து 1923-இல் தூத்துக்குடியும், 1938-இல் மதுரையும், 2003-இல் திண்டுக்கல்லும் பிரிந்தன. ஆகவே திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் 1930-ஆம் ஆண்டு நகலைத் திருச்சியில் தேடுவதே பொருத்தம்.

திருச்சி அரசு மாவட்டமும் திருச்சி மறைமாவட்டமும் ஒன்றல்ல. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள லால்குடி, புறத்தாக்குடி பக்கம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கும்பகோணம் 1899-இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952-இல் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. போர்த்துக்கல் அரசின் ஞானாதரவு உரிமையின் கீழ் மயிலாப்பூரைச் சார்ந்த ஆலயங்களும், ஏசு சபையினரின் ஆலயங்களும் திருச்சி நகரில் அருகருகே இருந்த காலம் ஒன்று இருந்தது. 1928-இல் திருப்பீடமும் போர்த்துக்கலும் செய்த உடன்படிக்கைக்குப் பிறகே இந்த இரட்டை ஆட்சி முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒருவர், இன்று உங்கள் பங்குக் கோவிலில் இல்லையென்றால், அடுத்த தெருக் கோவிலின் ஏட்டில் இருக்கலாம்.

மறைபரப்புப் பணியின் பொதுவான வரலாற்றுக்குச் செண்பகனூரில் ஏசு சபையினர் சேர்த்து வைத்த ஆவணங்கள் புகழ்பெற்றவை. ஆனால் சாதாரணக் குடும்பம் ஒன்றின் இறப்புக் குறிப்புக்குப் பங்கு ஏடே முதல் வழி.

4. ஏட்டைப் படிக்கச் சில குறிப்புகள்

பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். பத்துச் சொற்கள் தெரிந்தால் போதும். "ஓபியித்" என்றால் இறந்தார். "செபுல்துஸ்" என்றால் அடக்கம் செய்யப்பட்டார், பெண்ணானால் "செபுல்தா". "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள், "உக்சோர்" மனைவி, "விதுவா" கைம்பெண், "இன்ஃபான்ஸ்" குழந்தை. "ஹோதியே" இன்று, "ஹேரி" நேற்று. இறந்த நாளும் அடக்க நாளும் வேறாக இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதங்களில் ஏமாறாதீர்கள். 7 என்ற எண்ணை அடுத்து "பிரிஸ்" என்று சுருக்கி எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இலத்தீனில் செப்தெம் என்பது ஏழு. பழைய உரோமை ஆண்டில் செப்டம்பர் ஏழாம் மாதம்.

பெயர்களும் மாறியிருக்கும். வீட்டில் இராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், சவரிமுத்து சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ். "எங்கள் பாட்டனார் சின்னப்பன் பெயர் ஏட்டிலேயே இல்லை" என்று திரும்பியவர்கள், பவுலுஸ் என்ற பெயரையும் தேடிப் பார்க்க வேண்டும். வயதை உத்தேசமாகவே கொள்ளுங்கள். 40, 50, 60 என்று முழு எண்ணாக எழுதியிருப்பது வழக்கம்.

5. அரசுப் பதிவுகள்

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1969-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம். அது 2023-இல் திருத்தப்பட்டது. நாம் அறிய வேண்டியவை இவை:

- இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. குடியிருந்த இடத்தில் அல்ல. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர் புத்தூர் அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால், அந்தப் பதிவு ஸ்ரீரங்கத்துக்கு உரியதல்ல, திருச்சி நகராட்சிக்கு உரியது.
- திருச்சி நகராட்சி 1866-இல் தொடங்கியது. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் 1994-இல் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி ஆயின. எனவே அதற்கு முந்தைய இறப்புக்கு அன்றைய நகராட்சி எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, மாநகராட்சியின் உரிய மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கிராமப் பகுதிகளின் பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
- 17-ஆம் பிரிவின்படி எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லிச் சான்று கேட்கலாம். ஆனால் இறப்புக்கான காரணம் அதில் தரப்படாது. தேடுவதற்குக் கட்டணம் உண்டு. ஆண்டு துல்லியமாகத் தெரிந்தால் செலவு குறையும். ஆகவே முதலில் கோவில் ஏட்டைப் பார்த்துத் தேதியை அறிந்துகொண்டு பிறகு அரசு அலுவலகத்துக்குப் போவது நல்லது.
- இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்று இலவசம். 2018 முதல் தமிழகத்தில் பதிவான இறப்புகளுக்கு மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் சான்றைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம்.

கோவில் தரும் அடக்கச் சான்று அரசின் இறப்புச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் பதிவே செய்யப்படாத இறப்பைக் காலம் கடந்து பதிவதற்கு, அது துணை ஆவணமாக உதவக்கூடும்.

6. வீட்டிலிருந்தே இலவசமாகத் தேட

ஃபேமிலிசேர்ச் என்ற இணையதளத்தில் 1719 முதல் 1948 வரையிலான இந்திய இறப்பு, அடக்கங்களின் அட்டவணை உள்ளது. இலவசக் கணக்கு தொடங்கினால் போதும். இதிலுள்ளோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். பிரித்தானிய இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தரவுத்தளமும் அப்படியே. பொன்மலை இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவை பெரிதும் பயன்படும்.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். திருச்சிக் கல்லறைகளும் அதில் உண்டு. 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்து தூய யோவான் ஆலயத்தில் அடக்கமான ஆங்கிலிக்கன் ஆயர் ஹீபர் போன்றோரின் கல்வெட்டுகளைத் தேடுவோருக்கு இத்தகைய தொகுப்புகளே துணை. இந்நூல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்த குடும்பங்கள் பிரான்சு நாட்டின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக் காப்பகத் தளத்தைப் பார்க்கலாம். பிரெஞ்சிந்தியாவின் பழைய குடிமைப் பதிவேடுகளின் பக்கங்களையே அங்கே படமாகக் காணலாம். இரு உலகப் போர்களில் இறந்த படைவீரருக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் உண்டு.

7. ஏட்டில் இல்லாதவர்கள்

எவ்வளவு தேடினாலும் சிலர் கிடைக்க மாட்டார்கள். 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திலும், காலரா ஆண்டுகளிலும், 1918-ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலிலும் பெயர் எழுத நேரமின்றி மண்ணில் இறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. திருமுழுக்குப் பெறுமுன் இறந்த பச்சிளங் குழந்தைகளும் உண்டு.

கிடைக்கும் பதிவுகளிலும் நம்மைத் தலைகுனிய வைப்பவை உண்டு. பெயரோடு சாதியும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் நாடறிந்த செய்தி. ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்களைச் சாவிலும் பிரித்து வைத்த வரலாறு நம்முடையது. குடும்ப வரலாற்றைத் தேடுவது குலப்பெருமை பேசுவதற்காக என்றால், அந்தச் சுவரை மீண்டும் கட்டுவதாகவே ஆகும். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் இயேசுவின் தலைமுறை அட்டவணையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் இடம்பெற்றிருக்கிறார்கள். அவமானம் என்று மறைக்கக்கூடிய எவரையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை.

8. நாம் செய்யக்கூடியது

பங்குகளில் இளையோர் இயக்கங்களும் பக்த சபைகளும் பங்குத்தந்தையின் அனுமதியுடன் ஓர் ஏட்டுக்காவது பெயர் அட்டவணை தயாரிக்கலாம். கல்லறையில் எழுத்து மங்கிய கற்களை நவம்பர் மாதத்துக்குள் படியெடுத்து வைக்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் எழுத்து அழிந்தபின் அதைச் சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இறந்தோரின் பெயர், தேதி, அடக்கமான இடம் ஆகிய மூன்றையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்போர், வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றி, அவர்களுக்காகப் பரிபூரண பலனைப் பெறலாம் என்று திருச்சபை கற்பிக்கிறது. இந்த ஆண்டு அங்கே போகும்போது, "குடும்பத்து ஆன்மாக்கள்" என்பதோடு புதிதாகக் கண்டெடுத்த ஒரு பெயரையாவது சேர்த்துச் சொல்லுங்கள். கிடைக்காத பெயர்களை இறைவன் அறிவார். அவர்களுக்காகவும் மறவாமல் செபிப்போம். ஆமென்.